உச்சி பார்க்காத டைம்கீப்பர்

செம்பாக்கத்திலிருந்து அத்தனை மலைகளுக்குப் போய்வந்த மனிதர் டைம்கீப்பரைத் தவிர வேறு யாருமில்லை. போன ஒரு மலையிலும் உச்சியைப் பார்க்காத மனிதரும் அவரைத் தவிர வேறு யாருமில்லை. ஏலகிரி, கல்வராயன் மலை, கொல்லிமலை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எதிலும் முக்கால்வாசி ஏறுவார். அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், இறங்கிவிடுவார்.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. பஸ் நிலையத்தில் வண்டிகளை நேரத்துக்கு விரட்டிவிடும் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவர் விசில் ஓய்வு பெறவில்லை. காலையில் ஏரிக்கரையில் நடக்கிற யாராவது நின்று பேசினால் இரண்டு விசில் விழும். பஸ் பாஷையில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. அவருக்கு இரண்டாவது மட்டும்தான் வரும். எங்களோடு நடக்கிற ஆக்னஸ் டீச்சர் மகனுடைய கல்யாண வரவேற்பில், மேடையேறிய யாரோ மணமக்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டார்கள் என்று வரிசையின் பின்னாலிருந்து ஊதினார். மாப்பிள்ளையே மேடையைவிட்டு இறங்கப் பார்த்தான்.

ஏரிக்கரையில் சேர்ந்த கூட்டணி எங்களுடையது: அவர், நான், கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆக்னஸ் டீச்சர். மாதம் ஒரு மலை. பஸ் அல்லது ரயில், வேறு எதுவும் ஆகாது. என் காரில் போகலாமே என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"காரா? இன்னா சார் நீ. காருல போனா எப்ப வேணா திரும்பலாம்."

"அதுக்குத்தானே சார் காரு?"

"எப்ப வேணா திரும்பலாம்னா மனுசன் திரும்பவே மாட்டான். அப்பால எதுக்கு போவணும்?"

என் கார் வீட்டிலேயே நின்றது.

கொல்லிமலைக்கு நாலு பஸ் மாறிப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் டீச்சர் ஜெபமாலை உருட்டினார், நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உயிர் வளர்த்தேன். அருவிக்குப் படியிறங்கும்போது, தண்ணீர் இரைச்சல் காதில் விழ ஆரம்பித்த இடத்தில், பின்னாலிருந்து இரண்டு விசில்.

"திரும்பு, திரும்பு. நம்ம வண்டி ஸ்டாண்டுக்கு வந்துருக்கும்."

"சார், அந்த வளைவு தாண்டினா அருவி தெரியும்," என்றார் டீச்சர்.

"அருவி அங்கியேதான் இருக்கும் டீச்சர். பஸ்ஸு நிக்குமா?"

அருவியைக் காதால் தரிசித்துவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தோம். வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த வருடம் அவருடைய வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒருநாள் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் ஆபரேசனு டீச்சர். அப்பால மலைப் பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. இத்தினி வருசமா போய்கினு வந்துகினு கீறோம், ஒரு தபா கூட உச்சில நிக்கல. ஒண்ணே ஒண்ணு பாத்துடணும்."

"யாரால நிக்கல?" என்றேன்.

முழங்காலைத் தடவிக்கொண்டார். ஊதக்கூட இல்லை. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்ததையே டீச்சர் மலையேற்றக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். திருவண்ணாமலையில் இறங்கி, மலைமேல் பஸ் போகிற கடைசி ஊர்வரை போய், வனத்துறை கேட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு ஏறினோம். ஊருக்கு நேர் மேலே காட்டுக்குள் எழும்பி நிற்கிற பாறைக்குன்று. திரும்புவதற்கு நாலரை மணி பஸ்தான் கடைசி.

அவர் குடையை ஊன்றிக்கொண்டு ஏறினார். மேய்ந்துகொண்டே போன ஆடுகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. விலை உயர்ந்த ஷூ போட்ட நாலு பையன்கள் "ஹாய் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மேலே போய், படமெடுத்துக்கொண்டு, "பை அங்கிள்" என்று இறங்கியும் போய்விட்டார்கள். கடைசிப் பாறைத் திட்டு கண்ணுக்குத் தெரிந்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கை விசிலுக்குப் போனது, வாய்க்குப் போகவில்லை. பாறையைப் பார்த்தார். கீழே ஊரில் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தார். பரீட்சை ஹாலில் பேனா மை தீர்ந்துபோன பையனைப் போல நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. நான் போய் பஸ்ஸைப் பிடிச்சு வைக்கிறேன்," என்றேன்.

"வண்டிய நிறுத்தி வெக்கிறதா? பாவம் சார் அது."

"ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் நான் பண்ணிக்கிறேன். நீங்க ஏறுங்க," என்று டீச்சர் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

நான் விழுந்தடித்து இறங்கினேன். தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு பஸ்ஸை நிறுத்திவைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காலைப் படியிலும் மறு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, பெரியவர் வருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கண்டக்டர் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

"எங்க சார் வராரு?" என்றார் கண்டக்டர்.

"தோ, வந்துட்டே இருக்காரு."

"அப்பலருந்து வந்துட்டேதான் இருக்காரு."

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏம்பா, பெரியவரு மெட்ராஸ்லருந்தே நடந்து வராரா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் காலை எடுக்கவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டது. இரண்டு விசில், மலை அதிரும்படி.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசில் கேட்டால் கியர் போடுவது அவர் ரத்தத்தில் ஊறிய பழக்கம். வண்டி நகர்ந்தது. கண்டக்டர் தன் கையிலிருந்த விசிலையே பார்த்து, "நான் ஊதலயே," என்றார். எனக்கு ஒரு கால் பஸ்ஸில், ஒரு கால் தரையில். படியிலிருந்த காலை எடுத்துவிட்டேன். வண்டி போய்விட்டது.

அண்ணாந்து பார்த்தேன். உச்சிப் பாறையில் குடையோடு ஓர் உருவம். பக்கத்தில் தலையில் கைவைத்தபடி இன்னோர் உருவம்.

பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் இறங்கி வந்தார்கள். அவர் முழங்கால் வீங்கியிருந்தது.

"உச்சிலருந்து காடெல்லாம் எவ்ளோ அழகா தெரிஞ்சுது தெரியுமா? பாருங்க சார்னேன். அவர் பஸ்ஸைத்தான் பாத்தாரு," என்றார் டீச்சர். "'இன்னும் நிக்குது டீச்சர்'னாரு. நான் தடுக்கிறதுக்குள்ள ஊதிட்டாரு."

வாய்நிறையத் திட்டக் காத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"டைமுக்கு மேல வண்டிய நிறுத்தலாமா சார்? உள்ள எத்தினி ஜனம் குந்திகினு இருந்துச்சு."

"அது இருக்கட்டும். உச்சி எப்படி இருந்துச்சு?"

அண்ணாந்து உச்சிப் பாறையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"சோக்கா கீது சார். வண்டிதான் பூட்ச்சே, இன்னும் கொஞ்ச நேரம் நின்னுருக்கலாம்."

இத்தனை மலைகளில் விரட்டி விரட்டி எங்கள் உயிரை வாங்கிய மனிதர். அவர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்பது அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஊர்க்காரர் ஒருவர் தங்க இடம் தருகிறேன் என்று முன்னால் நடந்தார். நான் தோளைக் கொடுத்தேன். தன் முழுப் பாரத்தையும் என் மேல் போட்டுக்கொண்டு அவர் நொண்டினார். அடுத்த பஸ் காலையில்தான். நாங்கள் மெதுவாகவே நடந்தோம்.