‘என் லேப்டாப்ல ஓடுதே’ ஆசாமி

தவறு செய்கிறவர்கள் உண்டு, செய்த தவறை மறைக்கிறவர்கள் உண்டு, அதை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு. நான் சொல்ல வந்த ஆசாமி இந்த மூன்று கூட்டத்திலும் சேராதவர். உத்தமர். பொய் சொல்ல மாட்டார். தான் செய்த காரியத்தைத் தன் கண்ணால் பார்த்து, தன் விரலால் தட்டி, அது சரியாக நடக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார். திறந்தால் வருவது ஒரே வாக்கியம்.

‘‘என் லேப்டாப்ல ஓடுதே.’’

சென்னையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இவர் கூட்டம் கூட்டமாக வாழ்வதாகக் கேள்வி. ஜவ்வாது மலைக்கு வர இவருக்குக் கொஞ்சம் நாளானது. வந்தார். எனக்கு எதிர்க் கட்டடத்திலேயே வந்து உட்கார்ந்தார். நான் ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாளெல்லாம் நகல் எடுப்பவனுக்கு எதிரே இருப்பதைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன பொழுதுபோக்கு?

எதிரே இருப்பது மலையுழவர் சங்கத்தின் அலுவலகம். மலை ஊர்களில் விளையும் சாமையையும் புளியையும் சேர்த்து எடுத்துக் கீழே அனுப்புகிற சங்கம். செயலாளர் செந்தாமரை. நாற்பது வயதிருக்கும், பேச்சு குறைவு, ஞாபகம் அதிகம். சங்கத்துக்கு ஒரு லாரி. அதை ஓட்டுபவர் ஒடுகத்தூர் சைபுல்லா பாய். அறுவடை முடிந்ததும் லாரி ஊர் ஊராகப் போய்ச் சாமை மூட்டைகளை ஏற்றிவர வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதற்காகச் செந்தாமரை காலையில் நாற்பது பேருக்கு போன் போடுவார். பாதிப் பேருக்கு டவர் கிடைக்காது. மீதிப் பேர் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

இந்த அவதிக்கு முடிவு கட்டத்தான் பூவரசன் வந்தார். போளூர்க்காரர். இருபத்தெட்டு வயது. ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், சனி ஞாயிறுகளில் பைக்கில் மலையேறி வந்து, பத்துப் பைசா வாங்காமல், பைத்தான் என்ற கணினி மொழியில் சங்கத்துக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தார். லாரி கிளம்பும்போது சைபுல்லா பாய் தன் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு லாரி வரும் என்று கணக்குப் போட்டு, அந்தந்த ஊர்க்காரர்களின் போனுக்கு அதுவே செய்தி அனுப்பிவிடும். டவர் வரும்போது செய்தி வந்து விழும். நல்ல யோசனை. நல்ல பிள்ளையும்கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் இது மறந்துபோகும்.

முதல் இரண்டு வாரச் சனி ஞாயிறுகளில் சோதனை ஓட்டமெல்லாம் சங்க அலுவலகத்து மேசையில், பூவரசனின் லேப்டாப்பிலேயே ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் ஒன்றுக்கு அதை மாற்றினார். மாற்றியதும் தளம் திறக்கவே இல்லை.

‘‘தம்பி, வெள்ளையா வருது’’ என்றார் செந்தாமரை.

‘‘என் லேப்டாப்ல ஓடுதேக்கா.’’

இங்கே இந்த ஆசாமியின் சடங்குகளைச் சொல்ல வேண்டும். முதலில் உங்கள் போனை வாங்கி அணைத்துப் போடுவார், போட்டும் வராவிட்டால் டவரைத் திட்டுவார், டவர் நான்கு கோடு காட்டினால் உங்கள் விரலைச் சந்தேகித்து ‘‘ரெண்டு தடவ தட்டினீங்களா?’’ என்பார், நீங்கள் ஒரு தடவைதான் தட்டினீர்கள் என்று சத்தியம் செய்தால் பெருமூச்சு விட்டு, இணையத்தில் முகம் தெரியாத யாரோ எவருக்கோ சொன்ன பதிலை அப்படியே எடுத்து ஒட்டுவார், ஒட்டியதால் வேறொன்று உடையும், உடைந்ததைச் சரி செய்ய எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவார். இத்தனையும் செய்வார். தன் லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்தில் வந்திருக்கும் பிழைச் செய்தியை மட்டும் படிக்க மாட்டார். அது நீளமாக இருக்கிறதாம்.

கடைசியில் அந்தச் செய்தியைச் செந்தாமரைதான் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லி, அது இங்கே இல்லை என்று எழுதியிருந்தது. லேப்டாப்பில் எப்போதோ நிறுவிய ஒரு துணை மென்பொருளை சர்வரிலும் நிறுவ வேண்டும் என்பது பூவரசனுக்கு மறந்துபோயிருந்தது. நிறுவினார். தளம் திறந்தது. ஆனால் படங்கள் வரவில்லை. ஏன் வரும்? சாமைக் கதிரின் படம் பூவரசனின் லேப்டாப்பில், பூவரசனின் பெயருள்ள ஃபோல்டருக்குள் இருந்தது. அதை உலகமே அங்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைத்திருந்தார். அதையும் சரி செய்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலையிறங்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்குச் சைபுல்லா பாய் பட்டனை அழுத்திவிட்டு லாரியைக் கிளப்பினார். முதல் ஊர் புளியங்கொல்லை. இரண்டு மணி நேரப் பாதை. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார். ரோட்டோரத்தில் ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை. ஹாரன் அடித்தார். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. கால் மணி நேரம் நின்று பார்த்து, வேறு வழியில்லாமல் அடுத்த ஊருக்குப் போனார். அங்கேயும் அதே கதை. மதியம் லாரி காலியாகத் திரும்பி வந்தது. செந்தாமரை ஊர்களுக்கு போன் போட்டுப் பார்த்தார், வழக்கம்போல் யாரும் கிடைக்கவில்லை.

புளியங்கொல்லைக்காரர்களின் போனில் வந்த செய்தி இதுதான்: ‘சங்க லாரி உங்கள் ஊருக்கு 4.30 மணிக்கு வரும்.’ பகல் வேலை முடித்துவிட்டு நாலு மணிக்குப் பதினோரு வீட்டு ஆட்களும் மூட்டைகளைச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஊரிலிருந்து ரோட்டுக்கு முக்கால் மைல் ஏற்றம். நாலரை ஆனது. ஐந்து ஆனது. லாரி வரவில்லை. கார்த்திகை மாதத்து மழை வந்தது. மூடுவதற்கு இரண்டு தார்ப்பாய்தான் இருந்தது. பத்தொன்பது மூட்டைகள் நனைந்தன.

அன்று இரவு விஷயம் எட்டியதும் செந்தாமரை போளூருக்கு போன் போட்டார். என் கடை வாசலில் நின்றுதான் பேசினார், அங்கேதான் டவர் நன்றாக வரும். மறுமுனையில் பூவரசன் என்ன சொன்னார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்லி முடித்து இன்னொன்றும் சொன்னார்: ‘‘அவங்கதான் நேரத்த தப்பா படிச்சிருப்பாங்கக்கா. யூசர் மிஸ்டேக்.’’

செந்தாமரை கோபப்படவில்லை. ‘‘நாளைக்கு லீவ் போட்டுட்டு வாங்க தம்பி. அவங்களுக்குப் படிக்கக் கத்துக்குடுத்துட்டு வரலாம்’’ என்றார்.

மறுநாள் காலையில் செந்தாமரையும் பூவரசனும் சைபுல்லா பாயும் லாரியில் கிளம்பினார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு நாலாவதாக ஏறிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்? வழியெல்லாம் பூவரசன் லேப்டாப்பை மடியில் வைத்து, வளைவுகளில் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டே வந்தார்.

புளியங்கொல்லையில் சசிகலா என்பவரின் வீட்டுக்குப் போனோம். ஊரில் சங்கத்து வேலைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கப் புடவைகளை விரித்து நனைந்த சாமையைப் பரப்பியிருந்தார்கள். அடுப்படியிலும் சாமை, கட்டிலிலும் சாமை. உள்ளே ஒரு புழுங்கிய வாடை. சசிகலாவின் பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போயிருந்தார்களாம். பூவரசன் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார்.

சசிகலா தன் போனை நீட்டினார். ‘‘நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேங்க. இதுல இன்னா தப்பா படிச்சேன், நீங்களே படிச்சு சொல்லுங்க.’’

பூவரசன் படித்தார். ‘‘நாலு முப்பது.’’

‘‘நாலு முப்பதுன்னா சாயங்காலம்தானே? வெடியக்காத்தாலயா லாரி வரும்?’’

பூவரசன் தனக்குத் தெரிந்த ஒரே பதிலைத் தேடி, லேப்டாப்பை வாசல்படியில் வைத்துத் திறந்தார். ‘‘இதுக்கு நெட்கூட வேணாங்க, பாருங்க. இப்ப மணி பத்து இருபது. வண்டி இப்ப கெளம்புதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு மணி நேரம். இன்னா காட்டுது? பன்னெண்டு இருபது. கரெக்டா காட்டுதுங்களா?’’

சசிகலா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ‘‘காட்டுதுங்க. அப்போ லாரிய உங்க லேப்டாப்புக்கே அனுப்பிடுங்க. சாமை இந்த ஊர்ல வெளயுது.’’

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமும் அது இல்லை. பூவரசனின் முகம் சுண்டிப்போனது. அவர் குனிந்து ஒரு பிடி சாமையை எடுத்தார். உள்ளங்கையில் அது சூடாக இருந்திருக்க வேண்டும். இடம் போதாமல் ஈரத் தானியம் கனமாகக் கிடந்தால் சூடாகும். ஒன்றிரண்டு தானியத்தின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் சைபுல்லா பாய் தொண்டையைக் கனைத்தார். அவருக்குக் கணினி பற்றி எதுவும் தெரியாது. அதனால் தயக்கத்தோடுதான் பேசினார்.

‘‘தம்பி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து எட்டு மணிக்கு அழுத்துனேன் பாருங்க, என் போனுக்கும் ஒரு மெசேஜ் வந்துச்சு. வண்டி கெளம்புன நேரம் ரெண்டு முப்பதுன்னு. டவர் சரியில்ல போலன்னு வுட்டுட்டேன்.’’

‘‘ரெண்டு முப்பதா?’’

‘‘ஆமா. எங்க மச்சான் லண்டன்ல கீறாரு, தோல் கம்பெனியில. போன வருஷம் இதே மாசம், காலையில எட்டு மணிக்கு அவருக்கு போன் போட்டுட்டேன். ‘மணி ரெண்டரை ஆவுது, அறிவில்லையா’ன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. இங்க எட்டுன்னா அங்க ரெண்டரை. அதான் கேக்கறேன். நம்ம மெஷினு லண்டன்லயா கீது?’’

பூவரசன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். அவர் எழுதிய நிரல், ‘இப்போது மணி என்ன?’ என்று தான் ஓடுகிற இயந்திரத்தைக் கேட்கும். லேப்டாப் நம் ஊர் நேரத்தைச் சொல்லும். வாடகை சர்வரோ உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் ஒரு நேரத்தைச் சொல்லும். அது நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. எந்த ஊர் நேரம் வேண்டும் என்று பூவரசன் சொல்லவே இல்லை. பத்து மணி, விடிகாலை நாலரை ஆகிவிட்டது. அதிலும் காலை மாலை என்று போட்டால் திரையில் அழகாக இல்லை என்று அதை எடுத்துவிட்டிருந்தார். எனவே விடிகாலை நாலரை மாலை நாலரை ஆகிவிட்டது. அவர் லேப்டாப்பில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. அது போளூர் நேரத்தில் இருந்தது.

சசிகலாவின் எதிரில் எழுந்து நின்று, ‘‘தப்பு என்னுதுங்க’’ என்றார். இந்த இனத்தின் வாயிலிருந்து நான் அந்த இரண்டு சொல்லைக் கேட்டது அன்றைக்குத்தான். அவருக்கே அந்தச் சொற்கள் புதிதாக இருந்திருக்கும். சொல்லிவிட்டு, சரியாக ஓடியதா என்று பார்ப்பதுபோல் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

டவர் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று கால் மணி நேரத்தில் சரி செய்துவிட்டார். நேரம் எந்த ஊருடையது என்று ஒரு வரி. காலை, மாலை என்று காட்ட இன்னொரு வரி. அவ்வளவுதான் வேலை. இறங்கி வந்து, ‘‘முடிஞ்சுதுங்க’’ என்றார்.

‘‘சரிங்க’’ என்றார் சசிகலா. ‘‘இந்தச் சாமைய யாரு கெளர்றது?’’

பூவரசன் லேப்டாப்பைச் சைபுல்லா பாயிடம் கொடுத்து அனுப்பிவிட்டு அங்கேயே தங்கினார். இரண்டு நாள் வெயில் அடித்தது. பாறை மேல் பரப்பி, மணிக்கு ஒரு தரம் காலால் துழாவி, மேகம் கூடினால் ஓடிப்போய் அள்ளி, மறுபடி பரப்பி, முதுகு வெந்து, அங்கேயே சாமைச் சோறு தின்று, பதினோரு வீட்டுக்காரர்களோடும் வேலை செய்தார். பத்தொன்பதில் பதின்மூன்று மூட்டை தேறியது. ஆறு தேறவில்லை. அந்த ஆறையும் ஆடும் கோழியும் தின்றன. ஒரு வருஷத்து உழைப்பில் ஆறு மூட்டை என்றால் என்ன என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் தளத்தில் ஏதோ புதிதாகச் சேர்த்தபோது, பூவரசன் சங்கத்துக்கு வராமல் நேராகப் புளியங்கொல்லைக்குப் போனாராம். சசிகலாவின் பழைய போனில் திறந்து பார்க்கச் சொல்லி, பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தாராம். சசிகலா மூன்று குறை சொன்னார். முதல் குறைக்கு வாய் திறந்து, ‘‘ஆனா என்...’’ என்று தொடங்கி, மீதியை விழுங்கிக்கொண்டாராம். செந்தாமரை சொன்னார். முழுசாகக் குணமாக நாளாகும் என்பது அவர் கருத்து.

இதைப் படிக்கும் நீங்கள், ‘நமக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை’ என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எழுதி முடித்து இந்தக் கட்டுரையைச் செந்தாமரையிடம் படிக்கக் கொடுத்தேன். நடுவில் ஒரு இடம் புரியவில்லை என்றார். ‘‘நான் படிச்சா புரியுதேங்க’’ என்றேன். சொன்ன பிறகுதான் அவர் என்னைப் பார்த்த பார்வையின் பொருள் விளங்கியது. அந்த இடத்தைத் திருத்தி எழுதினேன்.

உங்களுக்கும் ஒரு சின்னச் சோதனை. உங்கள் வீட்டில் யாராவது கடைசியாக, ‘நீங்க சொன்னது எனக்குப் புரியல’ என்று சொன்னார்களே, அப்போது என்ன செய்தீர்கள்? வேறு மாதிரியாக விளக்கிச் சொன்னீர்களா, அதே வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னீர்களா?