ஐந்து லிட்டர் கழுத்தும் ஏழு சாரும்

பெங்களூரில் உள்ள எல்லாக் கழுத்துகளையும் லிட்டர் கணக்கில் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவருடைய உண்மையான பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையைத் திருப்பிப்போட்டே மாட்டியிருப்பார். ஈஜிபுராவில் நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்கேன் சென்டரில் அவரை எல்லோரும் ‘ஏழு சார்’ என்றே கூப்பிட்டார்கள்.

கழுத்தில் ஏழு எலும்புகள். ஆளைப் பக்கவாட்டில் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் முதல் ஆறும் ஒழுங்காக விழுந்துவிடும். ஏழாவது தோளுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். தோள் இறங்கினால்தான் அது தெரியும். அதற்காக இரண்டு கையிலும் எடை கொடுப்போம். மற்ற இடங்களில் மணல் பை வைத்திருப்பார்கள். ஏழு சாரிடம் தண்ணீர் நிரப்பிய கேன்கள் இருந்தன: ஒரு லிட்டர், இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர், எல்லாம் ஜோடி ஜோடியாக. ஆள் கதவைத் திறக்கும்போதே எந்த ஜோடி என்று முடிவு செய்துவிடுவார்.

டீக்கடையிலும் அவருக்கு இதே வேலைதான். “அந்த ஆட்டோக்காரரு அஞ்சு லிட்டர். பக்கத்துல நிக்கிறவருக்கு ஒண்ணே ஜாஸ்தி.” நம் மேனேஜர் எத்தனை என்று ஒருநாள் கேட்டேன். “காலையில ரெண்டு. டார்கெட் பத்திப் பேச ஆரம்பிச்சா அஞ்சு. அதுக்கு மேல நம்மகிட்ட கேன் இல்லம்மா.”

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் கழுத்து வலி என்று வந்தான். தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஏழு சார் கேனை எடுக்கவில்லை. “போனைக் குடு குரு” என்றார்; பெங்களூரில் பையன்கள் எல்லாருமே ‘குரு’தான். கொடுத்தான். தோள் ஒரு அங்குலம் இறங்கியது. படம் எடுக்கப் போகும் நேரத்தில் போன் அடித்தது. அவ்வளவுதான், தோள் பழைய இடத்துக்கே போய்விட்டது. ஏழு சார் போனை எடுத்து, “அவரு கழுத்து என்கிட்ட இருக்கு, அரை மணி கழிச்சுப் பண்ணுங்க” என்று சொல்லி வைத்தார். எதிர்முனையில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, திரும்ப அழைக்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றமாட்டேன் என்றார். சங்கிலியோடு எடுத்தால் எலும்பின் மேல் தங்கம்தான் விழும். ஏழு சார் மேஜை டிராயரிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தார். வெளியே தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி உள்ளே கூட்டிவந்தார். “கயித்தைக் கட்டுங்க சார், அப்புறம் அவங்க செயினைக் கழட்டட்டும்.” கணவருக்கு முடிச்சே வரவில்லை. அந்த அம்மா, “அன்னிக்கும் ரெண்டாவது முடிச்சு உங்க அக்காதான் போட்டாங்க” என்றார். மூன்று முடிச்சும் விழும்வரை ஏழு சார் சுவரைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக நின்றார். பதினேழு நிமிடம்.

நிமிடக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை எழுதியது நான்தான். ஒரு கழுத்துக்கு எட்டு நிமிடம் என்று மேனேஜர் சட்டம் போட்டிருந்தார். “ரெண்டு பேரும் டைம் குறிச்சு வைங்க. மாசக் கடைசியில யாரு ஸ்லோவோ அவங்க மெஷினை விட்டுட்டு ரிப்போர்ட் கவுண்டருக்குப் போகணும்.” ஏழு சாரை அழைத்து நோட்டைக் காட்டினேன். “ரெண்டு பேருக்கும் நீயே எழுதும்மா. அதுக்கெல்லாம் எனக்கு டைம் இல்ல.”

என் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். டிப்ளமாவில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண். கவுண்டரில் கவர் ஒட்டுவதற்காக நான் படிக்கவில்லை. என் நேரம் ஒருநாளும் எட்டைத் தாண்டவில்லை. முதல் படம் விழுந்ததும் குறித்துவிடுவேன். ஏழாவது தெரியவில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பினால் ஆளைக் கூப்பிட்டு மறுபடி எடுப்பேன். அதை எழுதமாட்டேன். அது வேறு படம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் என் அப்பா வந்தார். பீன்யாவில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். நடுவிரல் மரத்துப்போகிறது என்றதும், கழுத்தின் அடிப்பகுதியைப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளைக் கோட்டில் என்னைப் பார்த்ததும் அப்பா விறைப்பாக நின்றார். இடது தோளை ஸ்டாண்டில் ஒட்டவைத்து, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, கையில் ஐந்து லிட்டர் கேன்களைக் கொடுத்தேன். தோள் இறங்குவதற்குப் பதிலாக ஏறியது.

“தூக்காதப்பா. சும்மா புடி.”

“சும்மாதான் பாப்பா புடிச்சிருக்கேன்.”

முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். கையில் எடை வந்தால் தோள் தானாக மேலே போகிறது. ஒரு படம் எடுத்தேன், ஆறு. கேனை மாற்றி இன்னொன்று எடுத்தேன், அதுவும் ஆறு. மூன்றாவதற்கு விரல் பட்டன் வரை போய் நின்றுவிட்டது. மற்றவர்களை அழைத்து மறுபடி எடுத்தபோதெல்லாம் நான் இப்படித் தயங்கியதே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கதிர் உடம்புக்குள் போகும்; இது என் அப்பாவின் உடம்பு.

ஏழு சாரைக் கூப்பிட்டேன். அவர் கேன்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தினி மூட்டைங்க?”

“எண்ணுறதில்ல சார். லாரி காலியாவுற வரைக்கும்.”

சிமெண்ட் கஷ்டமா, ராகி கஷ்டமா என்று இருவரும் வெகுநேரம் விவாதித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு ஏழு சார் எழுந்து, அப்பாவின் தாடையை ஒரு விரலால் சரிசெய்து, பட்டனுக்குப் போனார்.

“லாரி காலியாயிடுச்சி. கடைசி மூட்டையும் எறக்கியாச்சி. இப்ப எப்படி நிப்பீங்க?”

அப்பா நீளமாக மூச்சை விட்டார். வீட்டில்கூட இறங்கி நான் பார்த்திராத தோள்கள் இறங்கின.

“அப்படியே. மூச்சு எடுக்காதீங்க.”

ஒரே படம். ஏழும் இருந்தன. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே இடைவெளி குறைந்திருந்ததும் தெரிந்தது. இனி மூட்டை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இப்போது மூட்டை ஏற்றிய அதே கம்பெனியில் கேட் காவலுக்கு இருக்கிறார். அந்தப் படத்துக்கு இருபத்தாறு நிமிடம்.

மறுநாள் மேனேஜர் நோட்டைப் புரட்டி, “உன்கூட அவரைக் கம்பேர் பண்ணவே முடியாதும்மா” என்றார்.

“முடியாதுதான் சார். அவரு ஒருத்தரையும் ரெண்டாவது தடவை கூப்பிட்டதில்ல. நான் கூப்பிட்டேன். அதை இதுல எழுதல.”

கணினியில் இருந்த என் படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆறு, ஆறு, ஆறு. மேனேஜரின் கழுத்து ஐந்து லிட்டருக்குப் போனது. மூன்று மாதம் ரிப்போர்ட் கவுண்டர் எனக்கு. ஏழு சாரிடம் இதைச் சொன்னபோது, “சரி, கவர் ஒட்டறப்ப தோளை எறக்கி வெச்சுக்கோ” என்று மட்டும் சொன்னார்.

அந்த மூன்று மாதமும் கவரில் போடும் முன் அவர் எடுத்த கழுத்துப் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். ஏழு இருக்கும் என்று தெரிந்துதான் எண்ணினேன்.