பதினைந்து வயது டர்போவுக்கு ஒரு கையெழுத்து

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை, காலை.

அன்புள்ள மாப்பிள்ளை அபிநந்தனுக்கு,

உங்கள் அத்தான் ஜம்புகுமார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா கனகலதாவும் நலம். அக்காவின் அறுவை செய்த இடது முழங்கால் தேறிவருகிறது. அறுவை செய்யாத வலது முழங்கால்தான் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. அங்கே நீங்களும் த்ரிசலாவும் குழந்தை தீக்ஷாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க பகவானை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. பழைய கார்களை உடைக்கும் கம்பெனிக்குச் சம்மதக் கடிதம் தயார் செய்துவிட்டதாகவும், வருகிற ஞாயிறு அவர்கள் லாரி வந்து காரை எடுத்துப்போகும் என்றும் போனில் சொன்னீர்கள். லாரி வர வேண்டாம். இத்துடன் பதிவுப் புதுப்பிப்பு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். காரை எனக்குக் கொடுத்தீர்களே தவிர பெயர் மாற்றவில்லை, அதனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. பதினைந்து வருஷப் பதிவு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. இருபத்துநாலாம் தேதி வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். உங்கள் அக்காவால் பஸ் படி ஏற முடியாது, ஆட்டோ குலுக்கல் ஆகாது. மாதம் ஒருமுறை போளூர் தாண்டி இருக்கிற நம் திருமலை ஜைனக் கோயிலுக்குப் போய் சேவித்துவிட்டு வருபவள் இந்த ஐந்து மாதமாகப் போகவில்லை. இந்தக் காரின் முன் சீட்டு மட்டும்தான் அவள் முழங்காலுக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது. கார் போனால் திருமலையும் போயிற்று. விஷயம் இவ்வளவுதான். ஆனாலும் நீங்கள் "அந்த டப்பாவா அத்தான்?" என்று கேட்டதால், டப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் டர்போ. என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றுகிறது, நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. அதனால்தான் ஆயிரத்து எண்ணூறு சிசி என்ஜின் தன்னைவிடப் பெரிய என்ஜினின் வேலையைச் செய்கிறது. அந்தத் தண்டுக்கு ஆயில்தான் உயிர். வேகமாக ஓட்டிவந்து சட்டென்று அணைத்தால், ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே மிச்சமிருக்கும் ஆயில் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். ஆகவே வண்டியை நிறுத்தியதும் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். இந்த இரண்டு நிமிஷத்தை நான் ஒருநாளும் விட்டதில்லை. செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி, உங்கள் அக்காவுக்குப் பிசியோதெரபி நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தியானக்கூடம் இருக்கிறது. போன வாரம் அதன் வாசலில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூடத்தை நடத்துகிற கவிநிலா என்ற பெண் வந்து கண்ணாடியைத் தட்டியது. "அங்கிள், உள்ள எல்லாரும் மௌனத்துல இருக்காங்க. கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்." நான், "இதுவும் மௌனத்துக்குத்தாம்மா போய்ட்டிருக்கு, இன்னும் எழுபது செகண்டு" என்றேன். அந்தப் பெண் எழுபது செகண்டும் அங்கேயே நின்று என் முகத்தையே பார்த்தது. நான் சாவியைத் திருப்பியபோது உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரர் பெருமூச்சு விட்டது ரோடு வரைக்கும் கேட்டது.

இரண்டாவது, ஆயில் குடிப்பது. இந்த வகை என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்று பட்டறைக்காரர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகிறது, நீலப் புகை வருகிறது. பௌர்ணமிக்கு முந்தின நாள் அடி அண்ணாமலைப் பக்கம் மாட்டிக்கொண்டு, கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு நடுவில் நடை வேகத்தில் போனேன். பின்னால் வந்த கோஷ்டியில் ஒருத்தர் ஓடிவந்து ஜன்னலில் குனிந்து, "சாமி, சாம்பிராணிய கொஞ்சம் கம்மி பண்ணு, ஜனங்களுக்குக் கண்ணு எரியுது" என்றார். கம்மி பண்ணியாயிற்று. ரிங்குகளைப் போளூர் ரோடு மெக்கானிக் மணிவேல் மாற்றிவிட்டான். மூன்றாவது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று செகண்டு தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம். அது டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் தளர்ந்ததால் வருவது. கவனிக்காமல் விட்டால் செயின் நழுவி வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளும், அதோடு என்ஜின் கதை முடிந்தது. அதையும் மாற்றியாயிற்று. அதற்கு எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து, "சார், உங்க வண்டி சத்தத்துலதான் பையன எழுப்புவேன். இப்ப ரெண்டு நாளா ஸ்கூல் பஸ்ஸ விட்டுட்டான்" என்று வருத்தப்பட்டார்கள். நல்லது செய்தாலும் புகார் வரும் என்பது எனக்குப் புதிதல்ல.

இப்போது நாலாவது. இதில் தப்பு என்மேல். மறைக்கப்போவதில்லை. இந்த என்ஜினில் தண்ணீர் பம்பும், சூட்டுக்குத் தகுந்தபடி தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கின்றன. வயசானால் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டுச் சொட்டும். சொட்டினால் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிரவைக்கிற திரவம், ஊற்றச் சொன்னான் மணிவேல். நான் கூலண்ட் டப்பாவின் லேபிளை முழுக்கப் படித்தேன். பிராணிகள் நக்கினால் சாகும் என்று போட்டிருந்தது. இனிப்பாக வேறு இருக்குமாம். நம் தெருவில் ஆறு நாய், நாலு பூனை, எதிர்வீட்டுக் கன்னுக்குட்டி. வண்டி நிற்கிற இடமெல்லாம் விஷம் சொட்டிக்கொண்டு போவதற்கா நாம் ஜைனராகப் பிறந்தோம்? கூலண்ட் வேண்டாம் என்று முடிவு செய்து, நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை, குடிக்க வடிகட்டுகிற மாதிரியே, இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, அதில் தங்கிய உயிர்கள் பிழைக்கட்டும் என்று துணியைக் கிணற்றிலேயே அலசிவிட்டு, ரேடியேட்டருக்கு ஊற்றிவந்தேன். எட்டு மாதம். ஒருநாள்கூட வடிகட்டாமல் ஊற்றியதில்லை. ஒரு கொசுப்புழுகூட அந்த என்ஜினுக்குள் போயிருக்காது.

அந்த எட்டாவது மாதத்தில்தான் உங்கள் அக்காவைத் திருமலைக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். மத்தியானம் இரண்டு மணி. கலசபாக்கம் தாண்டுவதற்குள் வெப்பமானி முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஆறவைத்து, ஊற்றி, ஓட்டி, மறுபடி ஆறவைத்து, இனிப் போக முடியாது என்று திரும்பி வரும்போது நாயுடுமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரேயடியாக நின்றுவிட்டது. மணி ஐந்து ஐம்பது. சூரியன் இன்னும் அரை மணிதான். "பொழுது போனா நான் சாப்பிட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றாள். தெரியும் என்றேன். "அப்ப அந்தத் தூக்குவாளிய எடுங்க." இட்லி ஆறிப்போயிருந்தது. தூக்கை பானட்மேல் வைத்தாள். அஞ்சே நிமிஷத்தில் ஆவி பறந்தது. மரியாதையாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, நம் வீட்டு அடுப்பில் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதற்குள் ஒரு லாரி நின்று, டிரைவர் இறங்கிவந்து, "இன்னாக்கா, டிபன் வண்டியா? நாலு இட்லி குடு" என்றான். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உங்கள் அக்கா வாழையிலைத் துண்டில் நாலு வைத்துக் கொடுத்துவிட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் இங்கதான் நிப்பீங்களா?" என்று கேட்டான். "அது அவர் கையில இல்லப்பா, வண்டி கையில இருக்கு" என்றாள். அவன்தான் கயிறு கட்டி மணிவேல் பட்டறை வரைக்கும் இழுத்துவந்து விட்டான்.

மணிவேல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற மாதிரி வெள்ளை வெளேரென்று உப்பு. ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைத்துப்போயிருந்தன. "என்னா சார் ஊத்துனீங்க?" சொன்னேன். துணியை மடித்த விதம் உட்படச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "சார், துணில உயிர வடிகட்டிட்டீங்க. உப்ப எப்படி சார் வடிகட்டுவீங்க?" என்றான். கிணற்றுத் தண்ணீரை அன்றோடு நிறுத்தினேன். ஆனால் கூலண்ட் விஷயத்தில் நான் இறங்கிவரவில்லை. மூன்று நாள் விசாரித்து, பிராணிகளுக்குக் கெடுதல் கம்மியான ஒருவகை கூலண்ட் இருப்பதைக் கண்டுபிடித்து, வேலூரிலிருந்து வரவழைத்தேன். புது ரேடியேட்டர், புது பம்பு, புது தெர்மோஸ்டாட். இப்போது ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லை. தினமும் காலையில் அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்க்கிறேன்.

இதோடு விட்டிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் பரிசோதனையும் செய்தேன். முப்பத்தெட்டு வருஷம் தாலுகா நிருபராக இருந்தவன், கேள்விப்பட்டதை எழுதிப் பழக்கமில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன். கடந்த பத்து நாளில் போளூர் வரை மூன்று தடவை போய்வந்தேன். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் வெப்பமானி முள் எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறித்தேன். மொத்தம் இருநூற்றுப் பத்துக் குறிப்புகள். உச்சி வெயிலில் நடு. ஏசி போட்டும் நடு. ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் நின்றபோதும் நடு. ஒரு மயிரிழை அப்படி இப்படி அசையவில்லை. புதுக் கார்களில்கூட இப்படி ஒரு உறுதியை நான் பார்த்ததில்லை. நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இதைப் பார்த்த பிறகும் உடைக்கிற கம்பெனிக்குக் கையெழுத்துப் போட உங்களுக்கு மனசு வராது.

த்ரிசலாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். தீக்ஷாவின் படிப்பிலும் உங்கள் உத்தியோகத்திலும் தடையெல்லாம் விலகி, எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அக்கா தனியாக ஆசி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்,
ஜம்புகுமார்.

பின்குறிப்பு: அதே நாள், மத்தியானம். தபாலில் சேர்ப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக்காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உங்கள் அக்காவும், ஆயில் மாற்ற வந்திருந்த மணிவேலும். முள் அசையவில்லை என்ற இடம் வந்ததும் மணிவேல் எழுந்து வெளியே போனான். கூப்பிட்டுக் கேட்டேன். "சார், அந்த முள்ளு அசையாது சார். பெட்ரோலே இல்லன்னாலும் நடுவுலதான் நிக்கும்" என்றான். வெப்பத்தை உணர்கிற சென்ஸாரின் வயரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக, எவ்வளவு சூடானாலும் முள்ளை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கிற கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றை மாட்டியிருக்கிறான். யார் சொல்லி என்று கேட்டேன். அவன் பார்த்த திசையில் உங்கள் அக்கா நின்றாள். "பின்ன? அந்த முள்ளு கொஞ்சம் ஏறினா போதும், வண்டிய நிறுத்திட்டு பானட்ட தூக்கிட்டு நிக்கறீங்க. திருமலைக்குப் போய்ச்சேர இந்த ஜென்மம் போதாது. அதான் அதக் கட்டிப்போடச் சொன்னேன்" என்றாள். ஆகவே, மேலே உள்ள இருநூற்றுப் பத்துக் குறிப்புகளும் தவறு. அவற்றுக்காக வருந்துகிறேன். என்ஜின் சூடாகிறதா இல்லையா என்பது இந்த நிமிஷம் வரை எனக்கோ மணிவேலுக்கோ தெரியாது. ரெசிஸ்டரை இப்போதே கழற்றச் சொல்லிவிட்டேன். ஆய்வாளர் முன்னால் உண்மையான முள்ளோடுதான் வண்டி நிற்கும். இதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டாம் என்று உங்கள் அக்கா கண்டிப்பாகச் சொன்னாள். எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடம் இரண்டாம் பக்கம், கீழே வலது மூலை. பென்சிலால் குறியிட்டிருக்கிறேன். தேதி போட மறக்காதீர்கள்.