லிஃப்ட்காரரும் அக்காவின் தையல் மெஷினும்

"இந்த வீட்டில இனிமே பழசுன்னு ஒண்ணும் இருக்கக்கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை காலையில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்று லிஃப்ட்காரர் இப்படி ஒரு சபதம் போட்டார். மறுபாதி முகம் மழித்து முடிந்திருந்ததால் சபதமும் பாதிதான் பயங்கரமாகத் தெரிந்தது.

மனைவி பிள்ளையைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வர முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"சரிங்க. எதுலேருந்து ஆரம்பிக்கலாம்? உங்க கையில இருக்கிற ரேசரே உங்க மாமா காலத்துது."

"அது வேற. இப்ப வர்ற பிளாஸ்டிக்ல இந்த வழவழப்பு வருமா?"

"சாவி குடுக்கிற டைம்பீஸ்?"

"அதுக்குச் சாவி குடுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

"இரும்பு டேபிள் ஃபேன்?"

"அதுவா? அது காத்தா அடிக்குது, புயலே அடிக்குது. அதைப் போய்ச் சொல்ற!"

"ரேடியோ? சூடாகறதுக்குள்ள செய்தியே முடிஞ்சு போகுது."

"போகட்டும். பாட ஆரம்பிச்சா பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்குல்ல?"

"அப்போ எதைத்தாங்க தூக்கிப் போடறது?"

அவர் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "அந்தத் தையல் மெஷினை. பிள்ளை தூங்கற வீட்டுல எதுக்குத் தடதடன்னு?"

மனைவி தட்டுவதை நிறுத்தினாள். பிள்ளை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டாள். மனசில் அடைத்திருந்ததை அந்த நேரத்தில் வெளியே விட்டது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

அவருக்குத் தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மாடி ஏறாமல் மேலே போவது அவர் புண்ணியத்தில். ஆனால் அவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடி. தினமும் மூச்சு வாங்கப் படியேறுவார். பாதிப் படியில், வளைவில் நிற்கும்போதே, மேலேயிருந்து மெஷின் சத்தம் காதில் விழும். தடதடதட, நிறுத்தம், மறுபடி தடதட. அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். இருபது வருஷமாக அந்த அர்த்தம் மாறியதில்லை.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது அக்கா. அக்காவுக்குச் சோறு போட்டது அந்தக் கால் மெஷின். தம்பிக்குப் படிப்பு, தம்பிக்கு வேலை, தம்பிக்குக் கல்யாணம் என்று மிதித்துக்கொண்டே இருந்தவள், தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்க மறந்துபோனாள். புதிதாக வந்த தம்பி பெண்டாட்டிக்கும் மிதிக்கக் கற்றுக்கொடுத்தாள். "அண்ணி, அண்ணி" என்று அவளும் ஒட்டிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு முதல் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. ஒரு கையை வைத்து முடித்தாள். மற்றக் கையை வைப்பதற்கு முன்னால், கொஞ்சம் அசதி போல, மெஷின்மேல் தலையைச் சாய்த்தாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் படி வளைவில் நின்றபோது மேலே சத்தம் இல்லை. லிஃப்ட்காரர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதே வாரம் பிள்ளை பிறந்தாள். பார்க்க வந்த யாரோ வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணு வழிவிடணும்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது அவர் காதில் விழுந்தது. மனைவி காதிலும் விழுந்தது. இரண்டு பேரும் விழாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

அன்றிலிருந்து அவர் அழவில்லை. பிள்ளையைத் தூக்கவும் இல்லை. கேட்டால், "கழுத்து நிக்கட்டும்" என்பார். கழுத்து நின்றது. "கையெல்லாம் கிரீஸு" என்பார். கை கழுவிவிட்டு வந்தால், "தூங்கறவளை எழுப்பாதே" என்பார். பிள்ளை குப்புற விழுந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்வார்! ஊரையே தூக்கிவிடுகிற மனுஷனுக்குப் பெற்ற பிள்ளையைத் தூக்கக் கை எழவில்லை.

மனைவி பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே பாதி ராத்திரியைக் கழிப்பாள். அந்தப் பயம் ஒரு பக்கம். பக்கத்தில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்க்கிற இந்த மனுஷனின் காய்ந்த கண்ணைப் பார்த்தால் வருகிற பயம் இன்னொரு பக்கம்.

இதற்கு நடுவில்தான் அவள் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். பிள்ளைத் துணி, தலையணை உறை, அக்கம்பக்கத்துக் கிழிசல். அந்தச் சாயங்காலம் லிஃப்ட்காரர் படி வளைவில் நின்றார். தடதடதட, நிறுத்தம், தடதட. ஒரே ஒரு நொடி எல்லாம் மறந்துபோயிற்று அவருக்கு. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, "அக்கா!" என்று வாய் திறந்தபடி வாசலில் வந்து நின்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் அந்த மூலைப் பக்கம் அவர் கண் போகவே இல்லை. சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆக, சபதம் இப்படித்தான் பிறந்தது. சதியும் அதே ஞாயிற்றுக்கிழமை பிறந்தது.

மனைவி குளிக்கப் போன நேரம், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவி, மெஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றினார். கீழே மிதிச் சக்கரத்தையும் மேலே கைச் சக்கரத்தையும் இணைக்கிற அந்த உருண்டைத் தோல்கயிறு இல்லாவிட்டால் மெஷின் வெறும் மேஜைதானே? அதைத் துணியில் சுற்றி, தன் டூல் பாக்ஸின் அடியில் அமுக்கிவைத்தார்.

"மெஷின் பெல்ட்டு அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன். இப்பல்லாம் அது கடையில கிடைக்கிறதில்ல," என்றார், வருத்தமான குரலில்.

"அடடா," என்றாள் அவள், அவரைவிட வருத்தமான குரலில்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினால், பேன்ட் இருக்கிறது, இடுப்புக்குப் போடுகிற பெல்ட்டைக் காணோம்.

"என் பெல்ட்டு எங்க?"

"அதைத்தான் நீளவாக்குல கீறி மெஷினுக்குப் போட்டுட்டேன். நல்ல தோலுங்க!"

"அடிப்பாவி! என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானே!"

"புதுசா வாங்கிக்கோங்க. உங்களுக்குத்தான் பழசே ஆகாதே."

சபதம் போட்ட வாய் திறக்க முடியுமா? கிடைத்த மின்கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனார். ஐந்து மாடி உயரத்தில் ஒரு கை இரும்புக் கயிற்றைப் பிடிக்க, மறுகை பேன்ட்டைப் பிடிக்க, உயிரும் மானமும் தனித்தனியாகத் தொங்கின. கீழேயிருந்து காவல்காரர் கேட்டார்: "என்ன சார், லிஃப்டு மேல போகுது, உங்க பேன்ட்டு கீழ வருது?"

சாயங்காலம் படி வளைவில் நின்றார். தடதடதட. காதைப் பொத்தலாம் என்றால் ஒரு கை பேன்ட்டில் இருந்தது.

புது பெல்ட் வாங்க அவர் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஒரேயடியாக மெஷினையே ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தார். தெருமுனையில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் இருந்தார். "சனிக்கிழமை என் சம்சாரம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் தடுப்பூசிக்குப் போயிடுவா. பத்து மணிக்கு வண்டியோட வாங்க. அவ வர்றதுக்குள்ள காரியம் முடியணும்," என்றார் ரகசியமாக.

"தங்கச்சிக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாது."

"அப்ப சரி," என்றார் கடைக்காரர். அந்த 'சரி'யில் ஏதோ சரியில்லை என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை.

சனிக்கிழமை வந்தது. மனைவி தலை வாரிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கையில் பை இருந்தது. பிள்ளை இல்லை.

"ஏய், பிள்ளை?"

"தடுப்பூசி நேத்தே போட்டாச்சு. எனக்குப் பல் வலி, டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன். தூங்கறா. முழிச்சா தூக்கி வச்சுக்கோங்க."

"நானா? கையெல்லாம்..."

அதற்குள் அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

பத்து மணிக்குக் கடைக்காரர் வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. தொண்டையை இரண்டு தடவை கனைத்து, கதவை மூன்று தடவை தட்டி, குடையைத் தொப்பென்று கீழே போட்டார். பிள்ளை முழித்துக்கொண்டு வீறிட்டாள்.

"நல்ல வார்ப்பிரும்பு. ஆனை கனம் கனக்கும். தம்பி, ஒரு பக்கம் நீங்க தூக்குங்க, ஒரு பக்கம் நான்," என்றார் கடைக்காரர்.

லிஃப்ட்காரர் குனிந்தார். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் நீலம் பாரிக்க அழுதாள். அவர் நிமிர்ந்தார்.

"ஒண்ணு, இதைத் தூக்குங்க. இல்ல, அதைத் தூக்குங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னா எப்படி?"

"கையெல்லாம் கிரீஸு..."

கடைக்காரர் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் சோப்புப் போட்டுக் குளித்த கை. "எங்க தம்பி?"

லிஃப்ட்காரர் பிள்ளையைத் தூக்கினார். எட்டு ஆள் கனத்தை இழுக்கிற கயிற்றைக் கையாளுகிறவருக்கு, ஒரு தலையணை கனத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, விக்கி விக்கி அடங்கினாள். பிடித்த பிடியை விடவில்லை.

"சரி, ஓடுதான்னு பாக்காம நான் எதையும் எடுக்கறதில்ல. எனக்கு முட்டி வலி. நீங்களே உக்காந்து மிதிங்க," என்றார் கடைக்காரர்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, லிஃப்ட்காரர் அந்த மூலையை நேராகப் பார்த்தார்.

மிதிபலகையில் வலது ஓரம் மட்டும் வண்ணம் போய் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. அக்காவின் பெருவிரல். அதன்மேல் தன் காலை வைக்க மனசு வராமல் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஊசிக்கு அடியில், மனைவி எடுத்துவைத்துவிட்டுப் போன ஒரு குட்டிச் சட்டை இருந்தது. ஒரு கை இருந்தது. ஒரு கை இல்லை.

அவர் அதை மெதுவாக உருவி எடுத்தார். ஏதோ ஞாபகத்தில் பிள்ளையின் மார்பில் வைத்துப் பார்த்தார். சட்டை தொப்புளைக்கூடத் தொடவில்லை. தோளுக்குத் தோள் எட்டவில்லை. தைத்து முடித்தாலும் இனி அது அவளுக்கு ஆகாது.

"இவ... இவ்வளவு பெரிசாயிட்டாளா?"

"பாத்துக்கிட்டே இருந்தா பிள்ளைங்க வளராது தம்பி. பாக்காதப்போதான் கடகடன்னு வளந்துடும்."

அப்போதுதான் உடைந்தது. சத்தம் போட்டு அழவும் தெரியவில்லை அவருக்கு. "அக்கா இவளைப் பாக்கவே இல்லையே... நானும் பாக்காம இருந்துட்டேனே..." என்று தோள் குலுங்கிற்று. மடியில் இருந்தவள் ஆட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். கண்ணீர் அவள் தலையிலும் மெஷின் பலகையிலும் சொட்டியது.

கடைக்காரர் குடையை எடுத்துக்கொண்டார். "நனைஞ்ச இரும்பை நான் எடுக்கறதில்ல தம்பி. துருப் பிடிச்சிடும்," என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு நேர்மாறாக, பூனை மாதிரி இறங்கிப் போனார்.

மனைவி திரும்பி வந்தபோது பல் வலி போயிருந்தது. போன வேகத்தைப் பார்த்தால் வந்திருந்ததாகவும் தெரியவில்லை. படி வளைவில் அவளும் நின்று கேட்டாள். தடதடதட, நிறுத்தம், தடதட. உள்ளே வந்தால், மடியில் பிள்ளையோடு, துணியே இல்லாமல் வெறும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு வாசல்ல சொன்னாங்களே, வழிவிடணும்னு... நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களோன்னு எனக்குப் பயமாவே இருந்துதுங்க."

"அப்படி இல்ல," என்றார் அவர். "இவளைப் பாத்துச் சந்தோஷப்பட்டா அக்காவை மறந்துட்டேன்னு ஆயிடுமோன்னு..."

மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தார். பிறகு அவர் கண் மெஷின் பெல்ட்டில் போய் நின்றது. உருண்டைத் தோல்கயிறு. இணைப்பில் ஒரு கம்பிக் கொக்கி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அக்காவுக்காக அவரே கோணலாக வளைத்துப் போட்ட கொக்கி.

"ஏய், இது பழைய பெல்ட்டு! என் இடுப்பு பெல்ட்டைக் கீறினேன்னு சொன்னே?"

"கீறினாலும் தட்டைத் தோல் அந்தச் சக்கரத்துப் பள்ளத்துல உக்காருமாங்க? மெக்கானிக் நீங்க. ஒருதரம் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

"அப்ப என் பெல்ட்டு?"

"இதை எங்க ஒளிச்சீங்களோ, அங்கதான்."

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு டூல் பாக்ஸைக் கவிழ்த்தார். அடியில், அவர் சுற்றிவைத்த அதே துணிக்குள், இடுப்பு பெல்ட் பத்திரமாகச் சுருண்டு கிடந்தது. வாரம் முழுக்க அதைத் தோளில் சுமந்துகொண்டு, பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார்!

ஒரு கையால் மாட்டிப் பார்த்தார். எப்போதும் போடுகிற துளைக்கு உள்ளே, ஊசியால் குத்திச் சுற்றிலும் நூல் கட்டி, புதிதாக இரண்டு துளை இருந்தது. கொக்கி கச்சிதமாக விழுந்தது.

"அண்ணி போனதிலேருந்து ரொம்ப இளைச்சுட்டீங்க," என்றாள் அவள்.