வீக்கத்தை வெயிலில் போடுகிறவர்கள்

உலகத்தில் ஒரு ரகம் உண்டு. எது வீங்கினாலும், ஏன் வீங்கியது என்று கேட்க மாட்டார்கள்; எப்படி அமுக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். இந்த ரகத்தைத் தேடி நீங்கள் பரளச்சி, பந்தல்குடி என்று பஸ் ஏறி அலைய வேண்டாம். இதை எழுதுகிறவனே நன்றாக முற்றிய உருப்படி.

என் மகள் ரேணுகாதேவி வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில்தான். போன பங்குனியில் அதன் அடிவயிறு புடைத்து, மேசையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது.

“பேட்டரி ஊதிருச்சுப்பா. ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். டவுனுல குடுத்துக் கழத்தணும். வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வாரேன், அதத் தொட்டுறாதீக.”

தொடாதே என்றால் எங்கள் ரகத்துக்கு என்ன கேட்கும்? முதலில் கட்டைவிரலால் அமுக்கினேன். பிறகு அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தேன். வீக்கம் அமுங்கவில்லை. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. மிளகாய், கடலை, சுண்டைக்காய், சீர் கொண்டுவந்த சம்பந்தியின் மிடுக்கு என்று எங்கள் பக்கத்து வெயிலுக்கு வற்றாத பொருள், கண்மாய் உட்பட, எதுவும் கிடையாது. மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றலுக்கு நடுவே லேப்டாப்பைக் குப்புறப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், அது வற்றவில்லை. வளர்ந்திருந்தது. அடித்தகடு பிளந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

பக்கத்து வீட்டில் என் மைத்துனன் பால்ச்சாமி இருக்கிறான். ஆடு வளர்க்கிறவன். கூப்பிடாமலே ஏறி வந்தான்.

“வாயு, மச்சான். ஏங் கெடாக்குட்டிக்கும் இப்பிடித்தான் வயிறு உப்புச்சு. கோணி ஊசிய வச்சு ஒரே குத்து. புஸ்ஸுனு போயிருச்சு.”

“காத்தா மாப்ள, கெடாவா?”

“ரெண்டுந்தான்.”

இதற்கு மேலும் ஒருவன் ஊசியைக் கையில் எடுப்பானா? எடுத்தேன். பால்ச்சாமி முழங்காலை மடக்கி, லேப்டாப்பை ஆட்டைப் பிடிக்கிற பிடியில் பிடித்துக்கொண்டான். நான் குறி பார்த்தேன்.

“அப்பா.” மகள் படியில் நின்றாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஊசியக் கீழ போடுங்க. குத்துனா தீப்பிடிச்சிரும். ரெண்டு பேருக்கும் கண்ணு போயிரும்.”

“நானும் அதத்தான் தாயி சொன்னேன். இவுக கேட்டாத்தான?” என்றான் பால்ச்சாமி. அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம்.

அவள் லேப்டாப்பைப் பதமாக எடுத்து நிழலில் ஆறவைத்து, இரும்பு வாளி மணலில் இறக்கி, அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர், “இது ஏம்மா இப்பிடிப் பொளந்துருக்கு?” என்று கேட்டாராம்.

“வெயிலுண்ணே” என்று மட்டும் சொன்னாளாம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வாளியில் மிளகாய் வற்றல் ஒன்று கிடந்ததுதான் காட்டிக் கொடுத்திருக்கிறது.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பை மூடி மேசையில் வைத்து, ஓரத்தை ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். பம்பரமாகச் சுற்றுகிறதா? அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அதற்கு முன்னால், அதன் மேல் பாரத்துக்கு வைத்திருக்கிறீர்களே, அந்தத் தடித்த புத்தகம், அதை எடுத்துவிடுங்கள்.