ஏணியண்ணை காத்த எருசலேம்

பெரிய பெரிய தலைவர்கள் மேசை போட்டு, தண்ணீர்ப் போத்தல் வைத்து, கைகுலுக்கிப் படமெடுத்தும் தீர்க்க முடியாத எருசலேம் பிரச்சினையை, மொன்றியல் புவாண்ட்-கிளேரில் ஒரு சாப்பாட்டு அறைக்குள் வைத்துத் தீர்த்த ஒரே மனிதர் எங்கள் ஏணியண்ணைதான். அதைக் கெடுத்த ஒரே மனிதன் நான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், குளிர்கோட்டு வெயார்ஹவுஸ் ஒன்றில் பெட்டி இறக்கினேன். படிப்பு என்னவென்று கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பில் சரித்திர வாத்தியார் "வெளியே போ" என்றார். நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. போனவன் மொன்றியலில் வந்துதான் நின்றேன்.

அங்கே ஒரு சாப்பாட்டு அறை. ஒரு மைக்ரோவேவ், கைக்கெட்டாத உயரத்தில் ஒரு இறுகிப்போன யன்னல், மூன்று ஆட்கள். மொறோக்கோவில் பிறந்த யூதர் ஷிமோன், தன் சாப்பாட்டில் அடுத்தவன் சாப்பாட்டின் ஆவிகூடப் படக்கூடாது என்பார். லெபனான் கிறிஸ்தவர் ஜோர்ஜ், பன்றி இறைச்சியைச் சூடாக்கிவிட்டு, மணம் போக யன்னலைத் திறக்கவேண்டும் என்பார். பாலஸ்தீன முஸ்லிம் ஹமீது, மூலையில் மத்தியானம் தொழுவார். யன்னல் திறந்தால், நெற்றி நிலத்தில் பட சுஜூதில் இருக்கிறவரின் முதுகில் மைனஸ் இருபத்தைந்து வந்து குந்தும்.

தினமும் சண்டை. முதல் நாளே நான் திகைத்துப்போனேன். சண்டைக்கு இல்லை. மூன்று பேரும் திட்டியது ஒரே மொழியில். அரபு. ஒரு மொழியில் இவ்வளவு வடிவாகத் திட்டத் தெரிந்தவர்கள் எப்படி எதிரிகளாக இருக்கலாம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் முதலாளி மேலேயிருந்து இறங்கி வந்தார். இன்னொரு தரம் சத்தம் கேட்டால் அறைக்குப் பூட்டு, சாப்பாடெல்லாம் பஸ் தரிப்பில் நின்று சாப்பிடுங்கள் என்றார்.

அப்போதுதான் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஏணியண்ணை எழும்பினார். அப்போது அவருக்கு அந்தப் பட்டம் இல்லை. மட்டக்களப்புக் கத்தோலிக்கர். ஐம்பத்தெட்டு வயது, ஒன்றரை ஆள் மீசை, அரை ஆள் உடம்பு. மனுசியை ஊரிலிருந்து கூப்பிட ஸ்பொன்சர் போட்டு, "இவருக்கு வேலை இருக்கிறது" என்று முதலாளி எழுதிக்கொடுத்த கடிதத்தை அப்போதுதான் அனுப்பியிருந்தார்.

"முசியே, நான் பொறுப்பு. சத்தம் கேட்டா என்னை வேலையால நிப்பாட்டுங்க" என்றார்.

எனக்கு வாயிலிருந்த பாண் விழுந்துவிட்டது. "அண்ணை, உங்களுக்கென்ன விசரே? அக்கா வர வேணுமெல்லே?"

"வருவா மனே. நீ வாயைப் பொத்து."

அடுத்த நாள் பெட்டிகளை அடுக்கி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எங்களுக்கு எருசலேம் காட்டினார். இந்தப் பெட்டி யூதரின் கோயில். உரோமர் இடிச்சவங்கள். பெட்டி விழுந்தது. இது கிறிஸ்தவரின் கோயில். பேந்து முஸ்லிம்களின் கலீபா நகரத்தைப் பிடிச்சார். "கோயிலுக்குள்ளயே தொழுங்க எண்டு பாதிரியார் கேட்டாராம். கலீபா மாட்டன் எண்டவர். நான் இதுக்குள்ள தொழுதா, பின்னால வாறவங்கள் இதைப் பள்ளிவாசல் எண்டு எடுத்துப்போடுவாங்கள் எண்டு செல்லி, வெளிய படியில தொழுதவராம்." ஹமீது மெதுவாகத் தலையாட்டினார். பிறகு சிலுவைப்போர்க்காரர் வந்த கதைக்கு அண்ணை பெட்டிகளை உதைத்தார். ஜோர்ஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஷிமோனும் ஹமீதும் முதல்தடவையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த உதையில் யூதர், முஸ்லிம் இரண்டு பக்கத்துச் சனமும் செத்துப்போயிருந்தது.

"இப்ப அந்தக் கோயில்ல கிறிஸ்தவருக்குள்ளயே ஆறு பிரிவு. ஒருத்தரை ஒருத்தர் நம்பமாட்டினம். அதால வாசல் பூட்டுத் திறப்பு ஒரு முஸ்லிம் குடும்பத்திட்ட இரிக்கு. யன்னலுக்குக் கீழ ஒரு ஏணி. ஆரோ வைச்சது. எல்லாரும் ஓம் எண்டாத்தான் எடுக்கலாம். நூற்றாண்டுக் கணக்கா அங்கதான் நிக்கிது."

"ஏணிக்காரன் தேடேல்லையோ அண்ணை?" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. பதினொன்றரைக்கு ஷிமோன், பன்னிரண்டுக்கு ஹமீது, பன்னிரண்டரைக்கு ஜோர்ஜ். யன்னலைத் திறக்க ஜோர்ஜ் கொண்டுவந்து சாத்தியிருந்த ஏணி நின்ற இடத்திலேயே நிற்கும், மூவரும் ஓம் என்றால்தான் அசையும். அறைத் திறப்பு என்னிடம்.

"என்னட்டையோ? எனக்கு ஒண்டும் தெரியாதே அண்ணை."

"அதுதான் மனே தகுதி."

வாழ்க்கையில் என் அறியாமைக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. மூன்று மாதம் சத்தமே இல்லை. அவருக்கு ஏணியண்ணை என்று பேரும் வந்தது.

மாசியில் அறையின் பல்ப் எரிந்துபோனது. திறப்பு என்னிடம், ஏணி முன்னால், மூளை வேறெங்கோ. ஏணியை இழுத்து, பல்பை மாற்றி, திரும்பவும் சாத்திவிட்டு, நல்ல காரியம் செய்த பெருமையோடு நின்றேன்.

வெளிச்சம் வந்ததைக் கண்டு மூன்று பேரும் முறை பாராமல் ஒன்றாக வந்தார்கள். ஏணியைப் பார்த்தார்கள்.

"இது இங்கே நிற்கவில்லை" என்றார் ஷிமோன். இடது பக்கம் இழுத்தார். "பொய், சுவர் ஓரமாக நின்றது" என்று ஹமீது பிடித்தார். "வைத்தவன் நான், எனக்குத் தெரியாதா?" என்று ஜோர்ஜ் நடுவில் பிடித்தார். அரபு தொடங்கியது. மூன்று மாத அரபும் ஒரே மூச்சில்.

மேலே முதலாளியின் கதவு திறந்தது. படியில் சப்பாத்துச் சத்தம். ஏணியண்ணை வாசலில் வெளிறிப்போய் நின்றார். என்னை ஏசவில்லை. கையை நெஞ்சில் வைத்து, "மேரிக்கு என்னெண்டு செல்லுவன்?" என்றார். அக்காவின் பெயர் மேரி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அது அவர்களுக்கும் கேட்டது. தமிழ் தெரியாது, ஆனால் மேரி யாரென்று மூன்று பேருக்கும் தெரியும். எனக்குத்தான் சொல்லவில்லை. அரபு நின்றது. ஆனால் ஏணியிலிருந்த கையை ஒருவரும் எடுக்கவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். ஒரு யூதர், ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம், மூவரும் ஒரே ஏணியைப் பிடித்தபடி.

"என்ன நடக்கிறது?"

"யன்னல் திறக்கிறோம்" என்றார் ஜோர்ஜ்.

"மூன்று பேரும் சேர்ந்தா?"

"சேர்ந்துதான்" என்றார் ஹமீது, பல்லைக் கடித்தபடி.

முதலாளி அசையவில்லை. "திறவுங்கள், பார்ப்போம்."

வேறு வழியில்லை. ஹமீதும் ஜோர்ஜும் பிடிக்க, ஷிமோன் ஏறினார். இறுகிய யன்னல் சட்டென்று திறந்து, யன்னலில் குவிந்து கிடந்த பனி முழுவதும் ஜோர்ஜின் தலையில் விழுந்தது. முதலாளி இடிவிழுந்தவர்போல் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார். யன்னலை மூடுவது யாரென்று முடிவாகவில்லை. எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "உங்கட வேலையை வைச்சு ஏன் அண்ணை இதைச் செய்தனீங்கள்?"

"எங்கட பக்கம் கோயில், பள்ளிவாசல், சேர்ச் எல்லாம் ஒரே றோட்டில மனே. ஆரோ ஒருத்தன் எதையோ கொஞ்சம் தள்ளி அரக்கி வைப்பான். பேந்து றோட்டே எரியும். எடுக்காம விட்ட ஏணியால ஒருத்தரும் சாகேல்ல."

மேரி அக்கா அடுத்த கோடையில் வந்தார். சில வருடத்தில் வெயார்ஹவுஸ் இடம் மாறியபோது, மூன்று பேரிடமும் "ஓம்" வாங்கி, அண்ணை ஏணியை வில்லரேயிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். குசினி வாசலில் சாத்தினார். அக்கா அதில் துவாய் காயப்போட்டார். அசைக்க மட்டும் விடவில்லை.

அண்ணையின் செத்தவீடு முடிந்து, போன மாதம் அக்கா கூப்பிட்டார். "அவரும் போயிட்டார் தம்பி. நடக்க இடமில்ல. இந்த ஏணியைக் கொண்டு போங்க."

மூன்று பேருக்கும் போன் எடுத்தேன். மூன்று பேரும் ஓம் என்றார்கள். போய் ஏணியில் கை வைத்தேன்.

"நிக்கட்டும் அக்கா" என்றேன். "அண்ணை இன்னும் ஓம் எண்டேல்லை."