கடைமடைத் தண்ணீரும் மாப்பிள்ளை கணக்கும்

ஆடி 27, 1973

சென்னையில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கும் மாப்பிள்ளை சிரஞ்சீவி சிங்காரவேலு அவர்களுக்கு, மாமனார் பஞ்சநதம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மாமியார் தனபாக்கியமும், ஆடிக்கு வந்திருக்கும் உங்கள் மனைவி தையல்நாயகியும் சுகம். மாடுகளும் சுகம். நாற்றங்கால் மட்டும் சுகமில்லை.

குறை சொல்ல எழுதவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. ஆனாலும் போன வாரம் ஆடி விருந்துக்கு வந்த நீங்கள் சாப்பிட்டோம், படுத்தோம் என்று இருந்திருக்கலாம். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் எங்கள் வாய்க்காலில் முதல் தண்ணீர் கடைசியில் இருக்கும் நம் கடைமடைக்கு, பிறகுதான் மேலே இருப்பவர்களுக்கு. இந்த வருஷம் தலைமடைக் கலியபெருமாள் தனக்குத்தான் முதலில் என்று மடையை அடைத்துக்கொண்டார். (உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தையெல்லாம் பினாமி பேரில் எழுதி, சர்க்கார் கணக்கில் நம் எல்லாரையும்விட ஏழையாகிவிட்டாரே, அவர்தான்.) படித்த மாப்பிள்ளை நியாயம் சொல்வார் என்று ஊர்க்கூட்டத்தில் உங்களைப் பெருமையாக நிறுத்தியது நான். நீங்களோ, "என்ன இருக்குதுன்னுதான் சொல்லுவேங்க. எப்படி இருக்கணும்னு சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தீர்கள். கலியபெருமாள் வயல் வண்டல், நம்முடையது உவர், அதே தண்ணீர் அங்கே பாய்ந்தால் ஊரின் மொத்த விளைச்சல் கூடும், கூடுகிற நெல்லில் கடைமடைக்கு நஷ்டஈடு கொடுத்தாலும் அவருக்கு மிச்சம்தான் என்றீர்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்து மாரியப்பன் எழுந்து, "சரிங்க, அந்த நெல்ல எங்களுக்குக் குடுப்பாரா?" என்று கேட்டார். "குடுக்க முடியும்ங்கிறதுதாங்க கணக்கு. குடுக்கணுமாங்கிறது நியாயம். அது எங்க பாடத்துல வராது" என்று சொல்லிவிட்டு நீங்கள் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்கள்.

மாட்டிக்கொண்டது நான். டீக்கடையில் பக்கத்து வயல் சாமிதுரை என் டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "உங்களவிட எனக்குத்தான் இதுல ருசி அதிகம். உங்களுக்கு வேற டீ வாங்கிக் குடுக்க என்னால முடியும்" என்கிறார். வாங்கித் தரவில்லை. கொடிக்கம்பம் நடுவதில்கூட ஒத்துப்போகாத இரண்டு கட்சிக்காரர்களும் என்னைத் திட்டுவதில் ஒன்றாகிவிட்டார்கள். போகட்டும். நாற்று மஞ்சளடித்து நிற்கிறது. அது கருகினால் சம்பா இல்லை, சம்பா இல்லையென்றால் வருஷத்துச் சோறு இல்லை. பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

ஆகவே ஆவணி பிறந்ததும் தையல்நாயகியை அழைத்துப் போக வரும்போது, பாடத்துக்குக் கொஞ்சம் வெளியே வந்து, "இது நியாயமில்லை" என்று கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மகள் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறாள். பாயசமும் தயாராக இருக்கும். சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். உங்கள் வீட்டுக் குழாயில் என்றென்றும் தண்ணீர் வரட்டும்.

இப்படிக்கு,
பஞ்சநதம்

பி.கு.: கடிதத்தைத் தையல்நாயகியிடம் படித்துக் காட்டினேன். கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டாள். "நாத்தங்காலுக்குத் தண்ணி வர்ற வரைக்கும் நான் இங்கதான்ப்பா. உங்களுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, மூணு பேருக்கும் சந்தோஷம். அவர் ஒருத்தருக்குத்தான் நஷ்டம். மொத்தத்துல லாபம்னு எழுதுங்க" என்கிறாள். "பாவம்மா, அவருக்கு நஷ்டஈடு?" என்றேன்.

"குடுக்க முடியும்னு எழுதுங்க."